மேஜிக் கார்டுல எழுதியிருக்கிறதை எப்படிப் படிக்கணும்? அடிக்கடி வர்ற கேள்விகள்

மேஜிக் த கேதரிங்ங்கிற கார்டு ஆட்டம் ஆடுற டேபிள்ல வர்ற வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருத்தர் "இந்த கார்டுக்கு இதுதான் அர்த்தம்"னு சொல்லுவார், எதிர்ல இருக்கிறவர் "அப்படின்னா கார்டு ரொம்ப ஓவர் பவர் ஆயிடும், அப்படியா செஞ்சிருப்பாங்க"ன்னு கேப்பார், ரெண்டு பேருமே டிசைனர் மனசுல என்ன இருந்துச்சுன்னு யூகிச்சிட்டு இருப்பாங்க, கார்டு மட்டும் யாரும் படிக்காம கிடக்கும். யூகம் இங்க வேலைக்கு ஆகாது. இந்த ஆட்டத்துல கார்டு எழுதுறவங்க ஒவ்வொரு சொல்லுக்கும், சில இடத்துல கமாவுக்கும் கூட, ஒரு வேலை கொடுத்து வச்சிருக்காங்க. அந்த வேலை என்னன்னு தெரிஞ்சா குழப்பமா தெரியுற கார்டு நிறைய குழப்பமே இல்லாம ஆயிடும். புதுசா ஆடுறவங்க திரும்பத் திரும்பக் கேக்குறதை எல்லாம் இங்க சேர்த்திருக்கேன்.

கார்டு ஒண்ணு சொல்லுது, ரூல்ஸ் வேற சொல்லுது. எதை எடுத்துக்கறது?

கார்டைத்தான். ரூல்ஸோட ஆரம்பத்துலயே இதை சொல்லிடுறாங்க. ஒரு டர்னுக்கு ஒரு லேண்ட் (மானா, அதாவது கார்டு ஆடத் தேவையான சக்தி, கொடுக்குற கார்டு) தான் போடலாம்னு ரூல், இன்னொண்ணு போடலாம்னு ஒரு கார்டு சொன்னா போடலாம், அவ்ளோதான். ஆனா கார்டு எந்த விஷயத்துல ரூலை மீறுதோ அந்த ஒரு விஷயத்துல மட்டும்தான் மீறுது, மத்த ரூல் எல்லாம் அப்படியே இருக்கும். நிறைய பேர் இந்த இடத்துலதான் கோட்டை விடுறாங்க, ஒரு கார்டு இன்னொரு லேண்ட் போடலாம்னு சொன்னதும் எதிராளி டர்ன்லயும் போடலாமான்னு கேக்குறாங்க. போட முடியாது, அதை அந்த கார்டு சொல்லல.

ஒரு கார்டு முடியும்னு சொல்லுது, இன்னொரு கார்டு முடியாதுன்னு சொல்லுது. அப்ப?

முடியாதுன்னு சொல்றது ஜெயிக்கும். எது முதல்ல வந்துச்சு, எது பெரிய கார்டு, எதுக்கு மானா அதிகம், எதுவும் கணக்கு இல்ல. ப்ளாட்டினம் ஏஞ்சல் உங்க பக்கம் இருக்குன்னு வைங்க, நீங்க தோக்க முடியாது, எதிராளி ஜெயிக்க முடியாதுன்னு அதுல இருக்கு. எதிராளியோட கார்டு "நீ ஆட்டத்தை ஜெயிச்சிட்டே"ன்னே சொன்னாலும் ஏஞ்சல் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் நடக்காது, ஆட்டம் தொடரும். (நீங்களா கை தூக்கி தோத்துட்டேன்னு சொல்லிட்டா அது வேற, அதை எந்த கார்டாலயும் தடுக்க முடியாது.)

என்கிட்ட இருக்கிற பழைய கார்டுல வேற மாதிரி அச்சாகி இருக்கே?

அச்சுல இருக்கிறதை விட்டுடுங்க. ஒவ்வொரு கார்டுக்கும் ஆரக்கிள்னு இன்னைக்கு செல்லுபடியாகுற ஒரு வாசகம் இருக்கு, கேதரர்ங்கிற அதிகாரபூர்வ தளத்துல கார்டு பேரைப் போட்டா வரும், ஸ்க்ரைஃபால்ங்கிற கார்டு தேடுற தளத்துலயும் அதேதான் காட்டும். 1993ல வந்த லைட்னிங் போல்ட்டைப் பாருங்க, ஒரு டார்கெட்டுக்கு 3 டேமேஜ்னு மட்டும் இருந்துச்சு. அப்புறம் பல வருஷம் க்ரீச்சர் (சண்டை போடுற உயிரினக் கார்டு) அல்லது ப்ளேயர்னு விவரமா எழுதினாங்க, 2018ல டொமினாரியா செட் வந்தப்ப "எனி டார்கெட்"னு ஒரு சொல்லாட்சியை கொண்டு வந்து ப்ளேன்ஸ்வாக்கரையும் (கூட்டாளி மாதிரி வர்ற இன்னொரு வகை கார்டு) அதுக்குள்ள சேர்த்துட்டாங்க. உங்ககிட்ட எந்த வருஷத்து போல்ட் இருந்தாலும் இன்னைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

இவ்ளோ கறாரா எழுத ஆரம்பிச்சதுக்கு காரணம் ஆட்டம் வெளிவர்றதுக்கு முன்னாடியே இருக்கு. ஆட்டத்தை உருவாக்கின ரிச்சர்ட் கார்ஃபீல்ட் நண்பர்களோட சோதிச்சுப் பாத்துட்டு இருந்த காலத்துல, பின்னால டைம் வாக்னு வந்த கார்டுல எதிராளி "லூசஸ் நெக்ஸ்ட் டர்ன்"னு எழுதி வச்சிருந்தார். அவர் நினைச்சது எதிராளிக்கு அடுத்த டர்ன் கிடையாதுன்னு. ஆடின ஒருத்தர் அதை எதிராளி அடுத்த டர்ன்ல ஆட்டத்தையே தோத்துடுவார்னு படிச்சிட்டார், அந்த எழுத்துப்படி பாத்தா அவர் படிச்சதுலயும் தப்பு சொல்ல முடியாது. அச்சுக்கு வந்தப்ப அது "இந்த டர்னுக்குப் பிறகு ஒரு டர்ன் கூடுதலா எடுத்துக்க"ன்னு மாறிடுச்சு. ரெண்டாவது அர்த்தத்துக்கு இடமே கொடுக்காத வாசகம், எனக்கு ரொம்ப பிடிச்ச வாசகமும் கூட.

கமா, கோலன் எல்லாம் பாக்கணுமா?

கண்டிப்பா. ஒரு எபிலிட்டியில (கார்டு செய்யுற ஒரு காரியம்) கோலன் இருந்தா இடது பக்கம் நீங்க கொடுக்குற விலை, வலது பக்கம் கிடைக்கிற பலன், நீங்களா செலவு பண்ணி இயக்குறது. வென், வெனெவர், அட் இந்த மூணுல ஒண்ணுல ஆரம்பிச்சா அது ட்ரிக்கர், தானா கிளம்பும். ரெண்டும் இல்லாம சும்மா ஒரு விஷயத்தை சொன்னா அது எப்பவும் ஓடிட்டே இருக்கிறது.

இதுல விலை எது பலன் எதுன்னு பிரிச்சுப் படிக்கிறதுதான் பாதி ஆட்டம். த்ரில் ஆஃப் பாசிபிலிட்டியும் ஃபெய்த்லெஸ் லூட்டிங்கும் மேலோட்டமா பாத்தா ஒரே ஜாதி, கார்டை டிஸ்கார்ட் பண்ணு (கையில இருந்து தூக்கிப் போடு), கார்டு ட்ரா பண்ணு (எடு). ஆனா த்ரில்ல ஒரு கார்டை டிஸ்கார்ட் பண்றது காஸ்ட் பண்றதுக்கான (விலை கொடுத்து ஆடுறதுக்கான) கூடுதல் விலை. அப்படின்னா எதிராளி அதை கவுன்ட்டர் பண்ணிட்டா (பலிக்காம ரத்து பண்ணிட்டா) டிஸ்கார்ட் பண்ணினது போனது போனதுதான், ட்ராவும் கிடையாது. கையில வேற கார்டே இல்லன்னா த்ரில்லை காஸ்ட் பண்ணவே முடியாது, ஏன்னா விலை கொடுக்க ஒண்ணுமில்ல. லூட்டிங்ல ரெண்டு ட்ரா, அப்புறம் ரெண்டு டிஸ்கார்ட், எல்லாமே பலன் பக்கம், அதனால கவுன்ட்டர் ஆனா அந்த ஒரு கார்டும் அதுக்கு கொடுத்த மானாவும் மட்டும்தான் நஷ்டம், கையில இருக்கிறது பத்திரமா இருக்கும்.

விலையில டேப் குறி (கார்டை சாய்ச்சு வச்சு பயன்படுத்தினதா காட்டுறது) இருந்தா இன்னொண்ணு கவனிக்கணும். இந்த டர்ன்ல வந்த லானோவர் எல்வ்ஸை மானாவுக்கு டேப் பண்ண முடியாது, ஆனா அதே எல்ஃபை கான்வோக்குக்கு (க்ரீச்சரை டேப் பண்ணி இன்னொரு கார்டோட விலையைக் கட்டுற வசதி) டேப் பண்ணலாம். ஏன்னா வந்த டர்ன்ல இருக்கிற தடை, தாக்குறதைத் தவிர, அந்த க்ரீச்சரோட சொந்த விலையில வர்ற டேப், அன்டேப் குறிக்குத்தான், டேப் பண்ற எல்லா காரியத்துக்கும் இல்ல.

ஹெக்ஸ்ப்ரூஃப் இருக்கிற க்ரீச்சரை எப்படி ராத் ஆஃப் காட் கொல்லுது?

ஹெக்ஸ்ப்ரூஃப் இருந்தா எதிராளி அதை டார்கெட் பண்ண முடியாது, ஆனா ராத் யாரையும் டார்கெட் பண்ணல. எல்லா க்ரீச்சரையும் அழின்னுதான் இருக்கு. டார்கெட்னு அந்த சொல் எழுதியிருந்தாதான் டார்கெட். "ஆல்", "ஈச்", "சூஸ்" இதெல்லாம் டார்கெட் கிடையாது. குளோன் ஒரு க்ரீச்சரோட காப்பியா வர்றப்ப எதிராளியோட ஹெக்ஸ்ப்ரூஃப் க்ரீச்சரைக் கூட தேர்ந்தெடுக்கலாம், காரணம் இதேதான்.

அடுத்து, டார்கெட்ங்கிற சொல் எதை ஒட்டி நிக்குதுன்னு பாக்கணும். டயபாலிக் எடிக்ட்ல "டார்கெட் ப்ளேயர் ஒரு க்ரீச்சரை சாக்ரிஃபைஸ் பண்ணணும்", அதாவது தன் க்ரீச்சரை தானே கொடுத்துடணும். டார்கெட் ஆகுறது ஆள், க்ரீச்சர் இல்ல. அதனால எதிராளிகிட்ட ஹெக்ஸ்ப்ரூஃபும் இன்டிஸ்ட்ரக்டிபிளும் சேர்ந்த ஒரே ஒரு பெரிய க்ரீச்சர் இருந்தா அது போயிடும், ஹெக்ஸ்ப்ரூஃப் டார்கெட்டைத் தடுக்கும், இன்டிஸ்ட்ரக்டிபிள் டிஸ்ட்ராயைத் தடுக்கும், சாக்ரிஃபைஸ் இந்த ரெண்டும் இல்ல. கூட ஒரு சின்ன டோக்கன் க்ரீச்சர் (கார்டு இல்லாம ஒரு எஃபெக்ட் உருவாக்கினது) இருந்தா எதிராளி அதைக் கொடுத்துட்டு பெரிசை காப்பாத்திக்குவார், எதைக் கொடுக்கணும்னு முடிவு பண்றது அவர்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு மாதிரி தெரியுறது கீவேர்டு, அதாவது ஒரு முழு விளக்கத்தை ஒரே சொல்லுல சுருக்கினது. ஈக்விப், என்சான்ட் மாதிரி சொல்லுக்குள்ள டார்கெட் ஒளிஞ்சிருக்கும், கீவேர்டோட விளக்கத்துல இருக்கும். ஆரா கார்டை (இன்னொண்ணோட ஒட்டி வைக்கிற கார்டு) காஸ்ட் பண்ணினா டார்கெட் பண்ணுது, அதையே வேற ஏதோ ஒரு எஃபெக்ட் மூலமா காஸ்ட் பண்ணாம நேரா பேட்டில்ஃபீல்டுக்கு (இறக்கின கார்டு இருக்கிற ஆட்டக்களம்) கொண்டு வந்தா டார்கெட் பண்ணாது.

"இஃப்" வந்தா எப்ப செக் பண்ணணும்?

அது வாக்கியத்துல எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்து, இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. ஃபெலிடார் சாவரின் எடுத்துக்கலாம். உங்க அப்கீப் (டர்னோட தொடக்கத்துல வர்ற ஒரு ஸ்டெப்) ஆரம்பத்துல, உங்களுக்கு 40 அல்லது அதுக்கு மேல லைஃப் இருந்தா, நீங்க ஆட்டத்தை ஜெயிக்கிறீங்க. ட்ரிக்கர் ஆகுற நிகழ்வு, உடனே ஒரு கமா, உடனே இஃப். இப்படி எழுதியிருந்தா ரெண்டு தடவை பாக்கணும். அப்கீப் ஆரம்பிக்கிற அந்த நொடியில 40 இல்லன்னா ட்ரிக்கரே கிளம்பாது, 38 வச்சிட்டு அப்கீப்ல 3 லைஃப் ஏத்திக்கிட்டு ஜெயிச்சிட்டேன்னு சொல்ல முடியாது. கிளம்பினாலும் ஸ்டாக்ல (நடக்கக் காத்திருக்கிறதோட அடுக்கு, கடைசியா வந்தது முதல்ல நடக்கும்) இருந்து ரிசால்வ் ஆகுறப்ப (நிஜமா நடக்குறப்ப) மறுபடி பாப்பாங்க, நடுவுல எதிராளி ஒரு லைட்னிங் போல்ட் அடிச்சு 40ஐ 37 ஆக்கிட்டா ஒண்ணும் நடக்காது. கமாண்டர்ங்கிற ஆட்ட வகையில எல்லாரும் 40 லைஃப்லதான் ஆரம்பிக்கிறோம், அதனால இந்த கார்டு அங்க எவ்ளோ பயங்கரம்னும், அந்த ஒரு போல்ட்டை கையில வச்சிருக்கிறது எவ்ளோ முக்கியம்னும் யோசிச்சுப் பாருங்க.

இஃப் அந்த இடத்துல இல்லாம பலன் பகுதிக்குள்ள பின்னாடி வந்தா ட்ரிக்கர் எப்படியும் கிளம்பும், ரிசால்வ் ஆகுறப்ப ஒரே ஒரு தடவைதான் பாப்பாங்க. சொல் அதேதான், இடம் மாறினா ஆட்டமே மாறுது.

ஆப்லிவியன் ரிங்கும் பேனிஷிங் லைட்டும் ஒண்ணுதானே?

பாதி ஆட்டத்துல ஒண்ணு மாதிரிதான் இருக்கும், மீதி ஆட்டத்துலதான் விஷயமே. 2007ல லார்வின் செட்ல வந்த ஆப்லிவியன் ரிங்ல ரெண்டு தனித்தனி ட்ரிக்கர். வந்ததும் வேற ஒரு லேண்ட் அல்லாத பெர்மனன்டை (பேட்டில்ஃபீல்டுல தங்குற பொருள்) எக்ஸைல் பண்ணு (தனியா ஒதுக்கி வை), இது ஒண்ணு. ரிங் போனதும் அந்த எக்ஸைல் ஆன கார்டை திருப்பிக் கொடு, இது ரெண்டு. இப்ப முதல் ட்ரிக்கர் ஸ்டாக்ல காத்திருக்கிறப்பவே நீங்களே உங்க ரிங்கை அழிச்சிட்டா என்ன ஆகும்? ரெண்டாவது ட்ரிக்கர் ஸ்டாக்ல மேல வந்து உக்காரும், முதல்ல அது ரிசால்வ் ஆகும், திருப்பிக் கொடுக்க ஒண்ணுமில்ல, முடிஞ்சுது. அப்புறம் கீழ இருக்கிற முதல் ட்ரிக்கர் வந்து எதிராளி கார்டை எக்ஸைல் பண்ணும், திருப்பிக் கொடுக்க இனிமே யாரும் இல்ல, அது நிரந்தரமா போச்சு. இதை ஏமாத்துன்னு சில பேர் கோவப்படுறாங்க, அப்படி இல்ல, கார்டுல எழுதியிருக்கிறது அப்படியே நடக்குது.

இன்னொரு விளைவும் உண்டு. டேபிள்ல வேற எந்த லேண்ட் அல்லாத பெர்மனன்டும் இல்லாம மூணு ஆப்லிவியன் ரிங் மட்டும் மாட்டிக்கிச்சுன்னா, ஒண்ணு இன்னொண்ணை எக்ஸைல் பண்ண, அது போனதால பழையது திரும்பி வர, வந்தது மறுபடி எக்ஸைல் பண்ணன்னு நிக்காம ஓடும். அந்த எக்ஸைல் கட்டாயம், வேண்டாம்னு சொல்ல முடியாது. யாரும் வேற எதையாவது பண்ணி நிறுத்தலன்னா ஆட்டம் ட்ரா.

அதனால 2013ல பேனிஷர் ப்ரீஸ்ட்ல வாசகத்தை மாத்தினாங்க, 2014ல வந்த பேனிஷிங் லைட்டும் அதே வழிதான். இப்ப ஒரே ட்ரிக்கர், "இது பேட்டில்ஃபீல்டை விட்டுப் போற வரைக்கும்" எக்ஸைல் பண்ணு. ட்ரிக்கர் ரிசால்வ் ஆகுறதுக்கு முன்னாடியே லைட் போயிட்டா அந்த "வரைக்கும்" ஏற்கனவே முடிஞ்சு போச்சு, எதுவும் எக்ஸைல் ஆகாது. பழைய தந்திரம் இதுல பலிக்காது. ஒரே எண்ணத்தை ரெண்டு விதமா எழுதினா ரெண்டு வேற கார்டு கிடைக்கும்ங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் இல்ல, யாருக்காவது சொல்லிக் கொடுக்கணும்னா இந்த ரெண்டு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆரம்பிங்க.

"இன்ஸ்டெட்"னு இருந்தா?

அது ட்ரிக்கர் கிடையாது, நடக்கப் போறதையே மாத்திடும், ஸ்டாக்குக்கு வராது, பதில் கொடுக்க முடியாது. ரெஸ்ட் இன் பீஸ் இருக்கிறப்ப க்ரேவ்யார்டுக்கு (அழிஞ்சது, டிஸ்கார்ட் ஆனது எல்லாம் போற குவியல்) போக வேண்டியது எல்லாம் அதுக்கு பதிலா எக்ஸைல் ஆகும். இப்ப உங்க ப்ளட் ஆர்ட்டிஸ்ட், ஒரு க்ரீச்சர் செத்தா டார்கெட் ஆன ஒரு ப்ளேயருக்கு 1 லைஃப் குறையும், உங்களுக்கு 1 ஏறும். செத்தான்னா என்ன? பேட்டில்ஃபீல்டுல இருந்து க்ரேவ்யார்டுக்குப் போறது, இதுக்கு மட்டும்தான் அந்த சொல். எக்ஸைல் ஆனா சாகல, அதனால ரெஸ்ட் இன் பீஸ் இருக்கிற வரைக்கும் ப்ளட் ஆர்ட்டிஸ்ட் சும்மா நிப்பார்.

டோக்கன் சாகுமான்னு கேக்குறாங்க. சாகும். க்ரேவ்யார்டுக்குப் போயிட்டுத்தான் மறையுது, ட்ரிக்கர் கிளம்பும்.

"இஃப் யூ டூ", "வென் யூ டூ" என்ன வித்தியாசம்?

இஃப் யூ டூன்னா அதே ரிசால்வ்ல தொடர்ந்து நடக்கும், நடுவுல யாரும் புகுந்து எதுவும் பண்ண முடியாது, டார்கெட் ஏதாவது இருந்தா அதை ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். வென் யூ டூன்னா நீங்க அந்தக் காரியத்தை செஞ்சு முடிச்ச பிறகு புது ட்ரிக்கர் ஒண்ணு பிறக்குது, டார்கெட்டை அப்பதான் தேர்ந்தெடுப்பீங்க, எதிராளிக்கும் அப்ப பதில் கொடுக்க வாய்ப்பு இருக்கு. எதிராளியா இருக்கிறப்ப இது ரொம்ப முக்கியம், கார்டை ஆடுறவர் அந்தக் காரியத்தை (ஒரு க்ரீச்சரை சாக்ரிஃபைஸ் பண்றது மாதிரி) செய்யுறாரா இல்லையான்னு பாத்துட்டு அப்புறம் நீங்க முடிவு பண்ணலாம்.

சின்ன சின்ன சொல் கொஞ்சம்

"அனதர்", "அதர்"னு இருந்தா அந்த கார்டு தன்னை சேர்த்துக்காது. இல்லன்னா சேர்த்துக்கும். கார்டுல அதோட பேரே எழுதியிருந்தா அந்த ஒரு பொருளை மட்டும்தான் குறிக்குது, அதே பேருல பக்கத்துல இருக்கிற இன்னொரு காப்பிக்கு சம்பந்தம் இல்ல, 2024 கடைசியில வந்த ஃபவுண்டேஷன்ஸ்ல இருந்து "இந்த க்ரீச்சர்"னே எழுதுறாங்க, நல்ல மாற்றம். "யூ"ன்னா கார்டை இப்ப கன்ட்ரோல் பண்றவர், வாங்கினவர் இல்ல. டேமேஜ் வாங்கினா லைஃப் குறையும், ஆனா லைஃப் குறைஞ்சதெல்லாம் டேமேஜ் இல்ல, அதனால டேமேஜைத் தடுக்குற கார்டு ப்ளட் ஆர்ட்டிஸ்ட்டைத் தடுக்காது. மானா கொடுக்காம காஸ்ட் பண்ணலாம்னு இருந்தா அந்த கார்டோட விலையில எக்ஸ் இருந்தா அது பூஜ்யம், கிக்கர் மாதிரி கூடுதல் விலையை வேணும்னா கொடுத்துக்கலாம். லேண்டை ப்ளே பண்றோம், காஸ்ட் பண்றதில்ல, அதனால காஸ்ட் பண்றப்ப கிளம்புற ட்ரிக்கர் எதுவும் லேண்டுக்கு கிளம்பாது. அடைப்புக்குள்ள சாய்ஞ்ச எழுத்துல இருக்கிறது வெறும் ஞாபகக் குறிப்பு.

டர்ன் முடிவுன்னா எப்ப?

"டர்ன் முடியுற வரைக்கும்"னு இருந்தா க்ளீனப் ஸ்டெப்ல, அதாவது எண்ட் ஸ்டெப்புக்கு அப்புறம் வர்ற ஸ்டெப்ல, முடியும். "அடுத்த எண்ட் ஸ்டெப் ஆரம்பத்துல"ன்னு இருந்தா அது ஒரு ட்ரிக்கர், எண்ட் ஸ்டெப் ஆரம்பிக்கிற நொடிக்காகக் காத்திருக்கும். ஸ்னீக் அட்டாக்குல கையில இருந்து ஒரு க்ரீச்சரை இறக்கி, அடுத்த எண்ட் ஸ்டெப் ஆரம்பத்துல சாக்ரிஃபைஸ் பண்ணணும். எதிராளியோட எண்ட் ஸ்டெப் ஆரம்பிச்ச பிறகு அதை இயக்கினா அந்த ஆரம்பம் தாண்டிப் போச்சு, அதனால க்ரீச்சர் உங்க டர்ன் முழுக்க இருந்து தாக்கிட்டு உங்க எண்ட் ஸ்டெப்லதான் போகும்.

இருக்கிறதுலயே குழப்பமான கார்டு எது?

என்னைக் கேட்டா 1994ல லெஜண்ட்ஸ்ல வந்த செயின்ஸ் ஆஃப் மெஃபிஸ்டோஃபிலிஸ். இன்னைக்கு இருக்கிற வாசகத்தை மூணா வெட்டிப் படிங்க. ஒருத்தர் தன்னோட ட்ரா ஸ்டெப்ல எடுக்குற முதல் கார்டைத் தவிர வேற எப்ப ஒரு கார்டு ட்ரா பண்ணப் போனாலும் அதுக்கு பதிலா ஒரு கார்டை டிஸ்கார்ட் பண்ணணும். அப்படி டிஸ்கார்ட் பண்ணினா ஒரு கார்டு ட்ரா. கையில ஒண்ணுமில்லாம டிஸ்கார்ட் பண்ண முடியலன்னா லைப்ரரி (ட்ரா பண்ற கட்டு) மேல இருந்து ஒரு கார்டு க்ரேவ்யார்டுக்கு.

இப்ப ப்ரெய்ன்ஸ்டார்மை வச்சுப் பாப்போம், மூணு ட்ரா, அப்புறம் கையில இருந்து ரெண்டை லைப்ரரி மேல வை. ப்ரெய்ன்ஸ்டார்மை காஸ்ட் பண்ணின பிறகு கையில ரெண்டு கார்டு இருக்கு. மூணு கார்டு ட்ரா பண்றதுன்னா ஒண்ணு ஒண்ணாத்தான், அதனால மூணு தடவை செயின்ஸ் புகும், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு போய் ஒண்ணு வரும், கையில கடைசியிலயும் ரெண்டேதான். அந்த ரெண்டையும் மேல வச்சிட்டா கை காலி. பதிலா வந்த அந்த ட்ராவை அதே செயின்ஸ் மறுபடி பிடிக்குமான்னு கேட்டா, பிடிக்காது, ஒரு மாத்து எஃபெக்ட் (மேல சொன்ன "இன்ஸ்டெட்" வகை) ஒரு நிகழ்வுக்கு ஒரு தடவைதான். டேபிள்ல ரெண்டாவது செயின்ஸ் இருந்தா அது பிடிக்கும்.

நான் யூ-கி-ஓ (இன்னொரு கார்டு ஆட்டம்) ஆடிட்டு வந்தவன், அந்தப் பழக்கம் உதவுமா?

வாசகத்தை உத்துப் படிக்கிற பழக்கம் உதவும், சொல்லோட அர்த்தத்தை அப்படியே எடுத்துட்டு வராதீங்க. யூ-கி-ஓல 2011ல இருந்து வாசகத்தை சீர்படுத்தினாங்க, கோலனுக்கு முன்னாடி எப்ப இயக்கலாம்ங்கிற நிபந்தனை, செமிகோலனுக்கு முன்னாடி விலை, டார்கெட், அதுக்குப் பின்னாடி பலன். மேஜிக்ல கோலனுக்கு முன்னாடி வர்றது விலை, பாத்துக்கங்க. அங்க "வென், யூ கேன்"னு இருந்தா அந்த நிகழ்வு கடைசியா நடந்ததா இருக்கணும், இல்லன்னா வாய்ப்பு போயிடும், "இஃப்"னு இருந்தா போகாது. மேஜிக்ல அந்தக் கதையே இல்ல, வென், வெனெவர் ட்ரிக்கர் ரெண்டும் நிகழ்வு நடந்தாலே கிளம்பிடும், நடுவுல நடந்துச்சா கடைசியில நடந்துச்சான்னு யாரும் பாக்க மாட்டாங்க.

மேஜிக் அரீனாவுல (கம்ப்யூட்டர்ல ஆடுற மேஜிக்) இப்படித்தான் நடந்துச்சு, அதை ஆதாரமா எடுத்துக்கலாமா?

பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், ஆனா அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான், பக் வரும், திருத்துவாங்க. ஆரக்கிள் வாசகமும் ரூல்ஸும்தான் கடைசி வார்த்தை. அதோட அரீனா சில ட்ரிக்கரை தானா அடுக்கிடுது, சில இடத்துல உங்களைக் கேக்காமலே தாண்டிப் போயிடுது, அதனால பேப்பர்ல ஆடுறப்ப உங்களுக்கு இருக்கிற வாய்ப்பு எல்லாம் அங்க கண்ணுக்குத் தெரியாது.

எல்லாம் பாத்தும் ரெண்டு பேருக்கும் ஒத்து வரலன்னா?

போட்டின்னா ஆட்டத்தை அப்படியே நிறுத்திட்டு கை தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்க, கூப்பிடுறது எதிராளியைக் குறை சொல்றதா அர்த்தம் இல்ல. கார்டு எதையும் நகர்த்தாதீங்க, நடந்ததை நடந்த வரிசையில சொல்லுங்க. ஜட்ஜ் சொன்னது சரியில்லன்னு தோணினா ஹெட் ஜட்ஜ்கிட்ட அப்பீல் பண்ணலாம், அவர் சொல்றது முடிவு.

வீட்டுல ஆடுறப்ப முதல்ல கார்டை சத்தமா, ஒரு சொல் விடாம படிங்க, இதுலயே நிறைய தீர்ந்துடும். அப்புறம் கேதரர்ல அந்த கார்டுக்குக் கீழ இருக்கிற ரூலிங்ஸ் பாருங்க, உங்க கேள்வி அங்க ஏற்கனவே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதுலயும் கிடைக்கலன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ஒரு மாதிரி முடிவு பண்ணி ஆட்டத்தை முடிங்க, கார்டு பேரையும் கேள்வியையும் குறிச்சு வச்சுக்கங்க, அடுத்த தடவை கடைக்குப் போறப்ப அங்க இருக்கிற ஜட்ஜ்கிட்ட கேளுங்க. கேக்குறப்ப "இந்த கார்டு ஜெயிக்குமா"ன்னு மட்டும் கேக்காம யாரோட டர்ன், எந்த ஸ்டெப், ஸ்டாக்ல என்ன இருந்துச்சுன்னு சேர்த்து சொல்லுங்க, ஏன்னா இது மூணும் தெரியாம எந்த ஜட்ஜாலயும் பதில் சொல்ல முடியாது.